ஹீட்டரில் சொட்டும் தண்ணீரை அடைத்துவிடாதீர்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வயரிங், பைப் வேலை செய்கிறேன். தோட்டத்தை (எஸ்டேட்டை) விட்டுத் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பலர், வயதான பெற்றோருக்காகத் தொட்டி வைத்த ஹீட்டர் மாட்டியிருக்கிறார்கள். "தம்பி, ஹீட்டர் ஒழுகுது" என்று அடிக்கடி போன் வரும்.

அப்படிப் போன ஒரு வீட்டில், சேஃப்டி வால்வின் வாயில் ரப்பர் துண்டைத் திணித்துக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். "தரை வழுக்குது, அம்மா விழுந்துடுவாங்கன்னு பயந்து கட்டினேன்" என்றார் அந்த அக்கா. அக்கறையில் செய்ததுதான். ஆனாலும் எனக்குப் பகீரென்றது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

தண்ணீர் சூடானால் விரியும். 30 லிட்டர் தொட்டியை 28 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய அரை லிட்டர் கூடிவிடும். வந்த வழியே திரும்ப விடாத வால்வு பைப்பில் இருப்பதால், குழாய் மூடியிருக்கும்போது அந்தக் கூடுதல் தண்ணீர் சேஃப்டி வால்வு வழியாகத்தான் வெளியேற முடியும். அதை அடைத்தால் அழுத்தம் உள்ளேயே ஏறும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் கெட்டுப்போனால் தொட்டி வெடித்துவிடக்கூடும்.

ஆகவே சூடேறும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது கோளாறே இல்லை. தொட்டி ஆறிய பிறகும் நிற்காவிட்டால் வால்வு பழுதாகியிருக்கலாம், அல்லது லைனில் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். அடிமூடியைச் சுற்றிக் கசிந்தால் பெரும்பாலும் கேஸ்கெட், அதாவது இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையம்தான். தொட்டியிலிருந்தே துருநிறத் தண்ணீர் கசிந்தால் உள்ளே அரித்துவிட்டது என்று பொருள். பசையோ வெல்டிங்கோ வேண்டாம், புதிது வாங்குங்கள். உள்ளே இருக்கும் மக்னீசியம் கம்பி, தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காப்பாற்றும். அதை அவ்வப்போது பார்த்து மாற்றாததால்தான் பல தொட்டிகள் சீக்கிரம் போகின்றன.

எந்தக் கசிவானாலும் முதலில் கரண்ட். ஈரக்கையோடு ஹீட்டரையோ சுவிட்சையோ தொடாமல், மெயின் பெட்டியில் ஹீட்டர் பிரேக்கரை இறக்குங்கள். அப்புறம் தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். தொட்டி ஆற சில மணி நேரம் விடுங்கள், உள்ளிருக்கும் தண்ணீர் தோலை உரித்துவிடும். பழுது பார்த்த பின், சுடுநீர்க் குழாயில் தண்ணீர் சீராக வரும்வரை சுவிட்சைப் போடாதீர்கள். வெறும் தொட்டியில், சூடாக்கும் எலிமெண்ட் எரிந்துபோகும். ஹீட்டர் லைனுக்கு 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்றும் வயர்மேனிடம் கேளுங்கள். குளியலறையில் உயிரைக் காப்பது அதுதான்.

அந்த அக்கா வீட்டில் புது வால்வு போட்டு, அதன் வாயிலிருந்து ஒரு ஹோஸைத் தரை வடிகால்வரை இறக்கிக் கட்டினேன். இப்போது தரை ஈரமாவதில்லை.