கச்சான் காலத்துத் தண்ணீர்க்காரிகள்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மட்டக்களப்பில் எல்லாவற்றுக்கும் தாகம் எடுக்கிறது. கிணற்றில் நீர் இறங்கும். முற்றத்து மணல் காலைச் சுடும். வளவு மூலையில் நான் அல்லி வளர்க்கும் சீமெந்துத் தொட்டியின் விளிம்பில் தேனீக்கள் வந்து குந்தும். மீன் பாடும் தேன் நாடு என்று பெருமை பேசுகிற ஊர் இது. அப்படியிருந்தும், தேனீ தண்ணீருக்கு வந்தால் மண்ணெண்ணெய்ப் போத்தலைத்தான் தேடுகிறோம். பக்கத்து வளவு மாமியும் எனக்கு அதையே சொன்னார். தொட்டியில் கப்பி மீன்கள் இருக்கின்றன, செத்துப்போகும் என்று சொல்லித் தப்பித்தேன்.

அந்தத் தேனீக்கள் தங்கள் தாகத்துக்காக மட்டும் வரவில்லை. கூட்டில் முட்டையும் புழுவும் இருக்கும் பகுதி ஏறத்தாழ 33 முதல் 36 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் அவை தண்ணீரை மெல்லிய படலமாக அறைகளில் பூசிவிட்டுச் சிறகால் விசிறுகின்றன. ஆவியாகும் நீர் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். கச்சான் வறண்ட காற்று. ஆகவே ஆவியாதலும் விரைவு. நம் உதட்டை வெடிக்கவைக்கும் காற்று அவற்றுக்குக் கைகொடுக்கிறது.

கூட்டில் தேனுக்குக் களஞ்சியம் உண்டு. தண்ணீருக்குப் பெரும்பாலும் இல்லை. அப்படியானால் எவ்வளவு வேண்டும் என்று யார் கணக்குப் பார்ப்பது? ஜெர்மனியின் மார்ட்டின் லிண்டாவர் 1950களில் ஐரோப்பியத் தேனீக்களைக் கவனித்து இதற்கு விடை கண்டார். தண்ணீர் சுமப்பவை வேலைக்காரத் தேனீக்கள், எல்லாமே பெண்கள். வயிற்றுப் பையில் நீரோடு வந்தவளை உள்ளே இருப்பவை ஓடிவந்து எதிர்கொண்டு உடனே வாங்கிக்கொண்டால், கூடு தவிக்கிறது என்று அவளுக்குப் புரிகிறது. மறுபடி பறக்கிறாள், சிலவேளை நடனமாடி மற்றவர்களுக்கும் வழி சொல்கிறாள். வாங்க ஆளில்லாமல் காத்து நிற்க நேர்ந்தால் வேலையை விட்டுவிடுகிறாள். மேற்பார்வையாளர் என்று ஒருவரும் இல்லை. வரவேற்பின் வேகமே கட்டளை.

இடத்தை அவை பெரிதும் மணத்தால் நினைவில் வைக்கின்றன. அதனால்தான் நாம் பரிவோடு வைக்கும் தெளிந்த குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டு, பாசி மணக்கும் தொட்டிக்கு வருகின்றன. பழகிய இடத்தை மூடினால் அங்கேயே சுற்றிச் சுற்றிப் பறக்கும். கிணற்றடியிலிருந்து அவற்றை விலக்க விரும்பினால், புதிய தண்ணீர்த் தட்டை முதலில் பழைய இடத்தின் அருகில் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்றினால் மணமும் பழகியதாக இருக்கும். ஒருநாள்கூட வற்றவிடக் கூடாது.

தட்டில் வெறும் தண்ணீர் வைப்பது இங்கே ஆபத்து. டெங்கு நுளம்புக்கு அதுவே தொட்டில். அதன் முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் பிழைத்திருக்கும். நான் தட்டு நிறைய மணலைப் பரப்பி, மணல் நனையுமளவுக்கு மட்டும் நீர் விடுகிறேன். தேனீயால் ஈரத்தை உறிஞ்ச முடியும். நீந்த நீரில்லாமல் நுளம்புப் புழு வளர முடியாது. வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவிவிடுகிறேன். தொட்டியைக் கப்பி மீன்கள் பார்த்துக்கொள்கின்றன.

தொட்டியில் தேனீ மூழ்காமலிருக்க அல்லி இலை போதும். அது இல்லாவிட்டால் ஒரு தேங்காய் மட்டையை மிதக்கவிடலாம். துணி துவைத்த சோப்பு நீர் மட்டும் தொட்டிக்குள் வரக் கூடாது. பூச்சியைத் தாங்கும் நீரின் மேற்பரப்பு இழுவிசையைச் சோப்பு குலைத்துவிடும். விழுந்த தேனீ எழும்பாது.

கொட்டுமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். தண்ணீருக்கு வந்தவளுக்கு அங்கே காவல் காக்க ஒன்றுமில்லை. மிதித்தால், கையில் அகப்பட்டால் கொட்டுவாள். ஆகவே ஈர விளிம்பில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளைத்தான் கவனிக்க வேண்டும். உண்மையான அபாயம் கூட்டருகே இருக்கிறது, அதிலும் உயர்ந்த மரக்கிளையில் ஒற்றை அடையாகத் தொங்கும் பெருந்தேனீயின் கூட்டருகே. ஒன்று கொட்டியதும் வாழைப்பழம் போன்ற மணம் பரவும். அது மற்றவற்றை அழைக்கும் எச்சரிக்கை. அடிக்காமல், கத்தாமல், வேகமாக ஓடி வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். தொட்டியிலோ குளத்திலோ குதிக்க வேண்டாம். தலை வெளியே வரும்வரை அவை மேலே காத்திருக்கும்.

தேனீயின் கொடுக்கு தோலில் சிக்கி, உடலிலிருந்து பிரிந்த பின்னும் நஞ்சைச் செலுத்திக்கொண்டே இருக்கும். நகத்தாலோ விரலாலோ உடனே எடுங்கள். எப்படி எடுப்பது என்று யோசிக்கும் நேரம்தான் கேடு. நஞ்சு தோலுக்குள் போயிருக்க, மேலே தடவும் சுண்ணாம்பால் பயனில்லை. குளிர்ந்த நீர் ஒத்தடம் வலியைக் குறைக்கும். மூச்சுத் திணறல், நாக்கு வீக்கம், உடல் முழுவதும் தடிப்பு, மயக்கம் இவற்றில் எது வந்தாலும், கொட்டியது ஒன்றே ஆனாலும், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மாரி தொடங்கியதும் தொட்டி விளிம்பு வெறிச்சோடியது. மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மருந்து அடித்தாயா என்று கேட்டார். இல்லை, கூட்டில் இப்போது தண்ணீர் வாங்க ஆளில்லை என்றேன்.