இந்தப் போனா, அந்தப் போனா: பழுது மேசையிலிருந்து பார்க்கும்போது

திருப்பூரில் பதினாறு ஆண்டுகளாகக் கைபேசி பழுதுபார்த்து வருகிறேன். உடைந்த போனோடு வருகிறவர்கள் மட்டுமல்லாமல், இன்னும் வாங்காத இரண்டு போன்களின் பெயரை எழுதிக்கொண்டு ஆலோசனை கேட்க வருகிறவர்களும் உண்டு. சென்ற ஆனி மாதத்தில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் அப்படித்தான் வந்தார். மகள் கோவையில் பொறியியல் கல்லூரியில் சேரவிருந்தாள். கட்டிங் சிட்டையின் பின்பக்கத்தில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் ஒரு போன், வலப்பக்கம் ஒரு போன் என்று விவரங்களை எழுதி வைத்திருந்தார். "ஏனுங்க தம்பி, ரெண்டுமே இருவத்தி ரெண்டாயிரந்தானுங்க. எதை எடுக்கறதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க" என்று சிட்டையை மேசையில் வைத்தார்.

இடப்பக்கத்தில் வளைந்த அமோலெட் டிஸ்ப்ளே, 108 மெகாபிக்சல் கேமரா, 67 வாட் சார்ஜர், 8+8 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு. வலப்பக்கத்தில் தட்டையான அமோலெட், 50 மெகாபிக்சல், 25 வாட், 6 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பு. பேட்டரி இரண்டிலும் 5000 எம்ஏஎச். எண்களை மட்டும் தராசில் போட்டால் இடப்பக்கத் தட்டுதான் தாழும். ஆனால் பழுதுபார்க்கிறவன் ஒவ்வொரு எண்ணுக்கு எதிரிலும், இது எப்படிக் கெடும், கெட்டால் எவ்வளவு ஆகும், எத்தனை நாளில் கைக்கு வரும் என்ற கணக்கைத்தான் முதலில் போடுவான்.

வளைந்த டிஸ்ப்ளே கையில் எடுத்தவுடன் பிடித்துப்போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சாதாரண டெம்பர் கிளாஸ் வளைந்த ஓரங்களில் ஒட்டாது என்பதால், பசையை ஊற்றி யூவி விளக்கில் காயவைக்கும் கண்ணாடியைத்தான் அதற்குப் போட வேண்டியிருக்கிறது. ஒட்டுகிறவர் கொஞ்சம் அசந்தால் அந்தப் பசை காது ஸ்பீக்கரின் வலைக்குள்ளும் பவர் பட்டனின் இடுக்கிலும் இறங்கி அங்கேயே இறுகிவிடும். புதுப் போன் வாங்கிய அன்றே கண்ணாடி ஒட்டக் கொடுத்து, மறுநாள் "பேசறது காதுல விழுகலைங்க" என்று கொண்டுவந்தவர்களுக்கு நான் ஸ்பீக்கர் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். தவிர, போன் பக்கவாட்டில் விழும்போது தட்டையான டிஸ்ப்ளேயில் அடியைச் சட்டம் தாங்கிக்கொள்ளும். வளைந்ததில் கண்ணாடியே முதலில் தரையைத் தொடும்.

அமோலெட் உடைந்தால் பெரும்பாலும் பேனலை முழுதாகத்தான் மாற்ற வேண்டும். இந்த விலைப் போன்களில் ஒரிஜினல் பேனலின் செலவு போன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடுவது புதிதல்ல. அந்தத் தொகையைக் கேட்டு மலைத்து, சந்தையில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும் டூப்ளிகேட்டைப் போடச் சொல்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் பல, அமோலெட்டே அல்லாத எல்சிடி வகைக் காப்பிகள். அமோலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்; எல்சிடிக்கு அடியில் விளக்குப் படலம் வேண்டும். அந்தப் படலம் குறுக்கே வந்துவிடுவதால், டிஸ்ப்ளேக்கு அடியில் இருக்கும் கைரேகை உணரி அதற்குப் பிறகு வேலை செய்யாது. இதை முன்கூட்டியே சொல்லாமல் மாட்டிக் கொடுக்கும் கடைகளும் உண்டு என்பதை என் தொழிலைச் சேர்ந்தவர்களைப் பற்றியே நான் வருத்தத்தோடு எழுத வேண்டியிருக்கிறது.

கேமராவுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. 108 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. 50 மெகாபிக்சல் கேமரா நான்கைச் சேர்த்து ஏறத்தாழ அதே அளவுப் படத்தைத் தருகிறது. வலப்பக்கப் போனில் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஓஐஎஸ் இருந்தது, இடப்பக்கத்தில் இல்லை. மாலை வெளிச்சத்தில் படமெடுக்கிறவர்களுக்கு அதுவே பெரிய வித்தியாசம். 8+8 என்பதில் இரண்டாவது எட்டு ரேமே அல்ல. சேமிப்பிடத்தில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துவது. இருந்தாலும் உண்மையான எட்டு ஆறைவிட மேல்தான், 256 ஜிபி 128ஐவிட மேல்தான். அந்த இரண்டு வரிகளிலும் இடப்பக்கத்துக்கே மதிப்பெண் கொடுத்தேன். நான்கு பெண்களுக்கு ஒரு பிளக் பாயிண்ட் இருக்கும் விடுதி அறையில் 67 வாட் சார்ஜரும் சும்மா ஒதுக்கிவிடக் கூடியதல்ல.

எங்கள் ஊரில் இருக்கிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது தூசியும் தண்ணீரும். "சார்ஜ் ஏறலைங்க, போனையே மாத்திரலாம்னு இருக்கேன்" என்று பனியன் கம்பெனிகளிலிருந்து வருகிறவர்களின் போனை உருப்பெருக்கி விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தால், சார்ஜிங் ஜாக்கின் அடியில் பஞ்சு அட்டை போல இறுகிப்போய் உட்கார்ந்திருக்கும். மர டூத்பிக் ஒன்றைச் சீவி, போனை அணைத்துவிட்டு மெதுவாக நெம்பினால் முழுத் துண்டாகவே வெளியே வரும். அந்த வாரம் கம்பெனியில் என்ன நிறத் துணி ஓடியது என்பதை அதன் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஊசியையோ பின்னையோ விட்டுக் குத்தி உள்ளே இருக்கும் நாக்கை உடைத்துவிட்டால், ஜாக் பொருத்தியிருக்கும் சிசி போர்டையே மாற்ற வேண்டி வரும். பொள்ளாச்சிப் பக்கத் தென்னைநார்த் தூளுக்கும் ஈரோட்டு மஞ்சள் மண்டித் தூசிக்கும் இதே கதைதான்.

வலப்பக்கப் போனுக்கு ஐபி67 தரம், இடப்பக்கத்துக்கு ஐபி54. முதல் எண் தூசியைக் குறிக்கும், இரண்டாம் எண் தண்ணீரைக் குறிக்கும். 6 என்றால் தூசி உள்ளே புகாது. 5 என்றால் வேலையைக் கெடுக்காத அளவுக்குக் கொஞ்சம் புகலாம். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். 4 என்றால் தெறிக்கும் தண்ணீரை மட்டும் தாங்கும். இருந்தாலும் ஜாக் என்பது வெளியே திறந்திருக்கும் குழி என்பதால், எந்தத் தரத்துப் போனாக இருந்தாலும் அதில் பஞ்சு சேரத்தான் செய்யும். இந்தத் தரத்துக்கான தண்ணீர்ச் சோதனையை நல்ல தண்ணீரில்தான் செய்கிறார்கள். சாயப்பட்டறைத் தொட்டியில் இருப்பதோ உப்புக் கலந்த நீர்; அதில் விழுந்து எழுந்த போனின் ஜாக்கும் இணைப்புகளும் சில நாள்களிலேயே பச்சைப் பூத்து அரித்துப்போவதைப் பார்க்கிறேன். ஐபி67 என்று அச்சிட்டிருந்தாலும் தண்ணீரால் வந்த பழுதைப் பெரும்பாலான நிறுவனங்கள் வாரண்டியில் சேர்ப்பதில்லை. உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைச் சீட்டு ஈரம் பட்டால் சிவந்துவிடும், அதைப் பார்த்தவுடன் கையை விரித்துவிடுவார்கள். ஒருமுறை பின்மூடியைத் திறந்த பிறகு பழைய காப்பு அப்படியே இருக்கும் என்று நானும் உறுதி சொல்ல மாட்டேன்.

மாஸ்டரின் சிட்டையில் எழுதப்படாமல் இருந்த விவரம் ஒன்று உண்டு. நான் பார்த்த வரையில் அது யாருடைய சிட்டையிலும் இருப்பதில்லை. போனுக்கு எத்தனை ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு வரும் என்பதே அது. கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8 வரிசைக்கும், சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டுகள் என்று அறிவித்தன. அவை விலை கூடிய போன்கள். இருபதாயிரத்தை ஒட்டிய போன்களில் இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இடப்பக்கத்துக்கு இரண்டு ஆண்ட்ராய்டு பதிப்புகளும் மூன்றாண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பும். வலப்பக்கத்துக்கு நான்கு பதிப்புகளும் ஐந்தாண்டுகளும். இந்த ஆண்டுக்கணக்கு பொதுவாகப் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுமே தவிர, நாம் வாங்கிய நாளிலிருந்து ஓடாது. இடப்பக்கப் போன் வெளிவந்து அப்போதே ஒரு வருடம் தாண்டியிருந்தது. விலை இறங்கியதற்கே அதுதான் காரணம். மகளின் படிப்பு நான்கு வருடம். அவள் மூன்றாம் வருடம் படிக்கும்போதே, ஜிபேயும் வங்கிச் செயலியும் ஓடும் போனுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோயிருக்கும். மாஸ்டர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப பாதிலயே நின்னுபோயிருமுங்களா?" என்றார்.

5ஜி விஷயத்தையும் பார்த்தோம். அவர் ஊர் குண்டடம் பக்கம். டவர் தூரமாக இருக்கும் இடங்களுக்கு 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையான என்28 நன்றாக எட்டும். நகரத்தில் வேகம் தருவது 3300 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து என்78. ஜியோ, 4ஜியின் துணையில்லாமல் தனித்து இயங்கும் எஸ்ஏ முறையில் 5ஜி தருவதால் அதற்கும் போனில் வசதி இருக்க வேண்டும். மூன்றுமே இரண்டு போன்களிலும் இருந்தன.

கடைசியாக, பணம் கட்டுவதற்கு முன் இரண்டு நிறுவனங்களின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்கும் பேசி, ஒரிஜினல் டிஸ்ப்ளே விலை என்ன, சரக்கு கையில் இருக்கிறதா, எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்கச் சொன்னேன். என் மேசையிலிருந்தே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். வலப்பக்கப் போனின் மையம் திருப்பூரிலேயே இருந்தது. விலையைச் சொல்லி, மறுநாள் மாலை கிடைக்கும் என்றார்கள். இடப்பக்கப் போனுக்குக் கோவைக்குத்தான் போக வேண்டும். பேனல் சென்னையிலிருந்து வர வேண்டும், பத்து நாளாவது ஆகும், விலை வந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார் அங்கே பேசிய பெண்.

மாஸ்டர் போனை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து துணியில் குறியிடும் சாக்கட்டியை எடுத்து, சிட்டையின் இடப்பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டார். "புள்ளைக்கு வளைஞ்சதுதான் புடிச்சிருக்குதுங்க. அவகிட்ட நீங்களே ஒருக்கா பேசிருங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே அவள் எண்ணை அழுத்தத் தொடங்கினார்.