குரோமட்டோகிராபி – வண்ணப்பிரிகை

இரத்தத்தில் மனச்சோர்வு நீக்கி மருந்து எவ்வளவு உள்ளது என்று அளக்கும் ஆய்வகங்களில் அன்றாடம் புழங்கும் சொல் குரோமட்டோகிராபி. கிரேக்க மொழியில் ‘குரோமா’ நிறத்தையும் ‘கிராஃபெயின்’ எழுதுதலையும் குறிக்கும். உருசியத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட், கால்சியம் கார்பனேட்டுத் தூளை நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை இறங்கவிட்டபோது, பச்சையமும் கரோட்டினாய்டுகளும் தனித்தனி வண்ணப் பட்டைகளாகப் பிரிந்து நின்றன. அம்முறைக்கு அவர் 1906இல் இப்பெயரைச் சூட்டினார். ‘ஸ்வெட்’ என்பதற்கும் உருசிய மொழியில் நிறம் என்றே பொருள்.

தமிழில் ‘வண்ணப்பிரிகை’, ‘நிறப்பகுப்பியல்’ என இரு வழக்குகள் உள்ளன. முன்னதே பொருந்தும் என்பது என் கருத்து. வருகை, செய்கை என்பவை போலப் ‘பிரிகை’யும் தொழிற்பெயர், கலந்திருப்பவை விலகித் தனியாவதை அது நேரே சொல்கிறது. பகுப்போ வேதியியலில் பகுப்பாய்வை நினைவூட்டுவது. அது பிரித்த பின்னர் நடக்கும் வேலை.

இவ்வேறுபாடு மருந்து அளவீட்டில் மிக முக்கியம். அமிட்ரிப்டிலின் என்னும் மனச்சோர்வு நீக்கி உடலில் ஒரு மெத்தில் தொகுதியை இழந்து நார்ட்ரிப்டிலினாக மாறுகிறது. அதுவும் மனச்சோர்வு நீக்கியே என்பதால் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) கொண்டு செய்யும் விரைவுச் சோதனையால் அவற்றை வேறுபடுத்த இயலாது. வலிப்பு மருந்தான கார்பமாசெப்பின் போன்ற வேறு மருந்தையும் அச்சோதனை இவ்வகை மனச்சோர்வு நீக்கியாகவே காட்டிவிடக்கூடும்.

ஆகவே இரத்த நீர்மத்தில் அசிட்டோநைட்ரைலைச் சேர்த்துப் புரதங்களை வீழ்படிவாக்கி, தெளிந்த பகுதியை நுண்துகள் நிரப்பிய குழாய்க்குள் உயர் அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். துகள்களின் மேற்பரப்பை ஒவ்வொரு மூலக்கூறும் பற்றி நிற்கும் வலிமை வேறுபடுவதால், அவை வெவ்வேறு நேரங்களில் வெளியேறுகின்றன. இதுவே நீர்ம வண்ணப்பிரிகை. வெளிவருபவற்றை நிறைமானி அயனிகளாக்கி எடைபோடுகிறது: அதன் நிறை அளவுகோலில் அமிட்ரிப்டிலின் 278இலும் நார்ட்ரிப்டிலின் 264இலும் தெரியும். இந்த அயனிகளை உடைக்கும்போது இரண்டுமே 233 என்னும் துண்டைத் தருவதால், துண்டை மட்டும் பார்த்து இன்னதென்று கூற முடியாது. குழாயைவிட்டு வெளியேறிய நேரமும் உடையாத தாய் அயனியின் நிறையும் சேர்ந்தே அடையாளம் காட்டுகின்றன.

நார்ட்ரிப்டிலினுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பயன்தரு வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 50 முதல் 150 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இம்மருந்துக் கரைசல்கள் நிறமற்றவை. ஆதலால் ‘வண்ண’ என்னும் முன்னொட்டு இங்கே ஸ்வெட்டின் சோதனையைக் குறிக்கும் வரலாற்றுத் தடமாக மட்டுமே நிற்கிறது. நடக்கும் செயலைச் சொல்வது ‘பிரிகை’ என்னும் பகுதியே.