கருங்கல்லை எரிமலையில் ஏற்றாதீர்கள்

பினாங்கின் தண்ணீர்மலைப் படிகளில் சென்ற வாரம் ஒரு வழிகாட்டி பிள்ளைகளிடம், "நீங்கள் பார்ப்பது எரிமலைப் பாறை" என்றார். என் தங்கை மகனின் பயிற்றுத்தாளிலும் கிரானைட்டுக்கு அதே பெயர்தான். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

கிரானைட் என்பது 'மணிமணியானது' எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் வேர், தானிய மணியைக் குறிக்கும் இலத்தீனின் 'கிரானும்'.

பிழை வேறோர் இடத்தில் தொடங்குகிறது. உருகிய குழம்பு ஆறி இறுகிய இந்தப் பாறை இனத்தை மலாயில் 'பத்துவான் இக்னியுஸ்' என்கிறார்கள். 'இக்னிஸ்' என்றால் இலத்தீனில் தீ. தீயைக் கண்டதும் மொழிபெயர்ப்பாளர் எரிமலைக்குத் தாவிவிடுகிறார். எரிமலை கக்கிய குழம்பு வெளியே வந்து விரைவில் ஆறிவிடும். அப்படி இறுகிய பசால்ட் என்ற பாறையின் மணிகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாததற்கு அதுவே காரணம். கிரானைட்டோ வெளியே வராமல், பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்திலேயே மெல்ல மெல்ல ஆறி இறுகியது. மணிகள் பெரிதாக வளர அந்த நிதானம் வேண்டும்.

கொடிமலைப் பாதையில் உடைந்து கிடக்கும் சில்லு ஒன்றை வெயிலில் திருப்பிப் பாருங்கள். தட்டையாகப் பளிச்சிடும் வெளிர் மணி பெல்ஸ்பார். கண்ணாடித் துண்டுபோல் சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். நகம் பட்டால் ஏடாக உரியும் கறுப்புப் பொட்டு, நம் பாட்டிமார் காக்காப்பொன் என்ற அதே பொருள். மேலே மூடியிருந்த பாறையெல்லாம் காலப்போக்கில் அரித்துப் போனதால்தான் இது நம் கைக்கு எட்டியிருக்கிறது. இதில் எரிமலை எங்கே வந்தது?

கருங்கல் என்ற அருமையான சொல் இருக்கும்போது ஏன் இந்தத் தடுமாற்றம்? "இது கறுப்பாக இல்லையே" என்று ஓர் ஆசிரியர் என்னிடம் வாதாடினார். கருமைக்கு வலிமை என்றும் பொருளுண்டு. புறநானூற்றின் 'கருங்கைக் கொல்லன்' வலிய கையை உடையவன். கை கறுத்தவன் என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. கருங்கல்லும் அப்படியே வலிய கல். நிறத்தை நம்பினால் சமையலறை மேடையில்கூட ஏமாறுவோம்: 'கறுப்பு கிரானைட்' என்று விற்கப்படும் பலகைகளில் பல உண்மையில் கேப்ரோ, டோலரைட் என்ற வேறு பாறை வகைகள்.

இனத்துக்குத் தீப்பாறை, இந்தக் கல்லுக்குக் கருங்கல். எரிமலைப் பாறை என்ற பெயர் பசால்ட்டுக்கு இருக்கட்டும். பயிற்றுத்தாளில் அந்தச் சொல்லை அடித்து, ஓரத்தில் 'கருங்கல்' என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பியிருக்கிறேன்.