சொட்டாத கசிவு

இரவு நிறுத்திய காரைக் காலையில் நகர்த்தினால் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. தொட்டால் வழவழப்பு, முகர்ந்தால் டீசல். பெட்ரோலாக இருந்தால் விடிவதற்குள் ஆவியாகி, கறையே மிஞ்சியிருக்காது. டீசல் சிந்திய இடத்திலேயே கிடக்கும். தூசியைச் சேர்த்துக்கொண்டு கருத்துப் பிசுபிசுக்கும். வயதான டீசல் எஞ்சினின் மூடியைத் திறந்தால், எங்கே கசிகிறது என்று தேடுவதைவிட எங்கே கசியவில்லை என்று தேடுவதே எளிது என்று தோன்றும்.

என் பழைய காரில் ஈரம் தெரிந்தது, டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பின் அடிவயிற்றில். பம்ப் போய்விட்டது என்றே நினைத்தேன். பார்த்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் டீசலின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் பாதிகூட இல்லை. துளியாகத் திரண்டு நிற்காமல் உலோகத்தில் படர்ந்து, குழாயோடு ஊர்ந்து, தாழ்வான ஓர் இடத்தை அடைந்த பிறகுதான் சொட்டும். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. எஞ்சினைக் கழுவித் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் முகப் பவுடரைத் தூவிவிட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். வெள்ளைப் பவுடரில் ஒரு சாம்பல் கோடு பம்பிலிருந்து மேல்நோக்கிப் போய், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் இரண்டாவதின் தலையில் முடிந்தது. அங்கே இருந்தது பென்சிலைவிட மெல்லிய ஒரு ரப்பர் குழாய்.

அது ரிட்டர்ன் குழாய். பம்ப் அனுப்பும் டீசலில் மிகச் சிறு பங்கு இன்ஜெக்டருக்குள் ஊசியின் பக்கவாட்டில் கசிந்து, அந்த ஊசிக்கு வழுக்குத் தந்துவிட்டு மேலே வரும். அதை இன்ஜெக்டருக்கு இன்ஜெக்டர் தாவிச் சேகரித்து டாங்கிக்குத் திருப்பி அனுப்புவதே இந்தக் குழாயின் வேலை. அழுத்தம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் எஞ்சின் தலையின் சூட்டிலேயே வாழ்நாள் முழுவதும் கிடக்கிறது. வெளியே நூல் பின்னல் போர்த்தியிருப்பதால் பார்வைக்கு நல்ல குழாய்தான். கழற்றி இரு விரல்களுக்கிடையில் மடக்கியபோது, ரப்பர் வளைவதற்குப் பதிலாக அப்பளம்போல் முறிந்தது. பின்னலைப் பிரித்தால் உள்ளே நெடுகிலும் வெடிப்பு.

ரப்பர் ஏன் இப்படி ஆகிறது? சூடும் ஆக்சிஜனும் சேர்ந்து அதன் நீண்ட மூலக்கூறுகளுக்கிடையே புதுப் பிணைப்புகளைப் போட்டுக்கொண்டே போகின்றன. நெகிழ்வு குறைந்து அது கெட்டிப்படுகிறது. எரிபொருளுக்கும் இதில் பங்கு உண்டு. பழைய பம்புகளில் இடைவெளியை அடைக்கும் ஓ-ரிங்குகள், அதாவது வளையங்கள், பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். டீசலில் உள்ள அரோமேட்டிக் சேர்மங்கள் அதற்குள் ஊறி அதைச் சற்று உப்பவைக்கும். அந்த உப்பலே இடைவெளியை அடைத்துக்கொண்டிருக்கும். 1993-இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் கட்டாயமானது. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு அரோமேட்டிக்குகளையும் குறைத்துவிட்டதால், வருடக்கணக்கில் ஊறியிருந்த ரப்பர் வளையங்கள் சுருங்கின. அதுவரை சொட்டாத பம்புகள் அப்போது சொட்டத் தொடங்கின. புதிய ரப்பராக இருந்தால் சுருக்கத்தைத் தன் நெகிழ்வால் ஈடுகட்டியிருக்கும். கெட்டிப்பட்ட கிழட்டு ரப்பரால் முடியவில்லை.

சொட்டும் கசிவாவது தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. சொட்டாத ஒன்று இருக்கிறது. தொல்லை அதில்தான் அதிகம். பழைய கார்கள் பலவற்றில் டாங்கியிலிருந்து ஃபில்டர் வழியாகப் பம்ப் வரையிலான பாதை முழுவதும் உறிஞ்சும் பக்கம். உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே விரிசல் விட்டால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். எஞ்சினை நிறுத்தியதும் அந்தக் காற்று இடம்பிடிக்க, டீசல் மெல்ல டாங்கிக்கே இறங்கிவிடும். வெடித்த ரிட்டர்ன் குழாயும் இதே குறும்பைச் செய்யும். காலையில் ஸ்டார்ட்டர் உறுமிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. மெக்கானிக்குகள் 'ஏர் பிடித்துவிட்டது' என்பது இதைத்தான். காரை முன்பக்கம் தாழ்ந்த சரிவில் நிறுத்தும் நாட்களில் மட்டும் உடனே ஸ்டார்ட் ஆகிறதா? அப்படியானால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. பம்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தினால் குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

ஒரு குமிழிக்கு இவ்வளவு வலிமையா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 850 சுற்றில் சும்மா ஓடும்போது மணிக்கு அரை லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மணி நேரத்தில் 1,02,000 முறை டீசல் பீய்ச்சப்படுகிறது. ஒரு முறைக்குச் சுமார் 5 கன மில்லிமீட்டர். ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்கு. டீசல் அமுங்காது, காற்று அமுங்கும். இன்ஜெக்டரின் முனையான நோசில் திறக்க 130 பார் போல, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 130 மடங்கு, அழுத்தம் வேண்டும். பம்பின் பிஸ்டன் தள்ளும் அந்தத் துளியளவு தூரத்தைக் குமிழி தானே அமுங்கி விழுங்கிவிட்டால் அழுத்தம் அந்த அளவை எட்டுவதே இல்லை. நோசில் மூடியே கிடக்கிறது.

அதே 130 பார் மனிதத் தோலையும் துளைக்கும். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் இடைப்பட்ட இரும்புக் குழாய்களில் கசிவைத் தேடுபவர் ஓடும் எஞ்சினில் கையை வைத்துத் தடவக்கூடாது. அட்டைத் துண்டைக் காட்டினால் போதும். ஊசிமுனை அளவில் உள்ளே நுழைந்த டீசல் முதலில் வலிக்காது, சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரலாம். எறும்புக்கடிபோலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது பழைய பம்ப் எஞ்சின்களுக்கான எச்சரிக்கை. 1997-க்குப் பின் கார்களில் பரவிய காமன் ரெயில் எஞ்சின்களில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைப்பவை) உச்ச அழுத்தம் 1,350 பாரில் தொடங்கி அதற்கும் மேலே போகிறது. அவை ஓடும்போது நட்டைத் தளர்த்தும் எண்ணமே வரக்கூடாது.

இரும்புக் குழாயின் முனையில் ரப்பரோ வாஷரோ கிடையாது. கூம்பு வடிவ முனை அதற்கேற்ற குழியில் உட்கார்ந்து, வளையம்போன்ற ஒரு மெல்லிய கோட்டில் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. அந்தக் கோட்டில் மணல்துகள் ஒன்று சிக்கினால் கசியும். கசிகிறதே என்று பலம்கொண்ட மட்டும் முறுக்கினால் கூம்பு நசுங்கி, கசிவு நிரந்தரமாகும். கழற்றித் துடைத்து, கையாலேயே நட்டைக் கடைசிவரை ஏற்றி, பிறகு ஸ்பேனரை அளவோடு இழுப்பதே முறை. குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகளை வேண்டாத சாமான் என்று விட்டுவிடுகிறார்கள். அதிர்வில் குழாயே களைத்து வெடிப்பது பிறகு நடக்கும். வேறு இணைப்புகளில் வரும் செம்பு வாஷர் விஷயம் வேறு. ஒருமுறை அமுங்கிய செம்பு இறுகிவிடும், மறுபடி அமுங்க மறுக்கும். புதிது இல்லையென்றால் சிவக்கச் சூடாக்கி ஆறவைத்தால் மென்மை திரும்பும்.

என் காருக்குத் தேவைப்பட்டது ஒரு மீட்டர் குழாய் மட்டும். இன்ஜெக்டர் இடைவெளிக்குத் துண்டுகளாக நறுக்கி, முனையில் துளி டீசல் தடவி, முறுக்கியபடி ஏற்றினேன். கடைசி இன்ஜெக்டரின் மூடியையும் மாற்றினேன்; அதுவும் ரப்பர்தான், அதன் வயதும் அதேதான். பிறகு ஏர் எடுக்கும் வேலை. இரண்டு இன்ஜெக்டர் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, துணியால் மூடி, பத்துப் பத்து வினாடியாக ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் முதலில் நுரை வரும், அப்புறம் தெளிந்த டீசல். நட்டுகளை இறுக்கிய பின் எஞ்சின் ஒரு முறை இருமி, தள்ளாடி, மூன்றாம் முறையில் நிலைத்து ஓடியது.

மறுநாள் ரேடியேட்டர் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். டீசல் ஊறியிருந்த இடம் மட்டும் ஊதிப்போய்ப் பஞ்சுபோல் அமுங்கியது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஓடும் குழாயின் ரப்பர் வெந்நீரைத் தாங்கும், டீசலைத் தாங்காது. அதையும் மாற்ற வேண்டியிருந்தது.