பெரிய வட்டுக் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது முதல், கணினியில் விண்டோஸை நீக்கிவிட்டு லினக்ஸ் நிறுவியவர்கள் அடுத்தடுத்து என்னிடம் வருகிறார்கள். லினக்ஸுக்கு மாறியதில் குறையில்லை. அந்தக் கணினிக்குள் ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் கணினியை, அதாவது மென்பொருளால் உருவாக்கிய உள்கணினியை, எடுத்துவந்த விதத்தில்தான் கோளாறு. போன வாரமும் ஒருவர் வந்தார். அலுவலகக் கணக்கு முழுவதும் வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளுக்குள் இருந்த ஒரு விண்டோஸில். மெய்நிகர் கணினியின் வட்டாக இருக்கும் விடிஐ கோப்புகளில் பெரியதை வெளி வன்வட்டில் நகலெடுத்திருக்கிறார், பழைய வட்டை அழித்திருக்கிறார், லினக்ஸ் நிறுவி அந்தக் கோப்பை இணைத்திருக்கிறார். விண்டோஸ் திறந்தது. கணக்கு மட்டும் ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய ஒரு நாளோடு நின்றிருந்தது.

"கோப்பு கெட்டுவிட்டது, சரிசெய்து தாருங்கள்" என்கிறார். கோப்பு கெடவில்லை ஐயா. அது முழுமையாக, நலமாக இருக்கிறது. ஒன்றரை ஆண்டுக்கு முன், வேண்டும்போது அந்த நிலைக்குத் திரும்பிப் போக நீங்கள் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தீர்களே, அன்றோடு அதில் எழுதுவது நின்றுவிட்டது.

இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. ஸ்னாப்ஷாட் எடுத்தால் எங்கோ பாதுகாப்பாக ஒரு நகல் சேமிக்கப்படுகிறது என்று நினைக்கிறார்கள். நகல் எதுவும் உருவாவதில்லை. அந்த நொடியில் மூல வட்டுக் கோப்பு பூட்டப்படுகிறது. அதன்பின் நீங்கள் எழுதுவது எல்லாம் இன்னொரு கோப்பில் வித்தியாசங்களாக மட்டும் சேர்கிறது. பழைய பேரேட்டை மூடிவைத்துவிட்டு, திருத்தங்களையும் புதுப் பதிவுகளையும் வேறொரு நோட்டில் எழுதிவருவது போன்றது இது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இன்றைய கணக்கு தெரியும். பேரேட்டை மட்டும் எடுத்துப் போனால் பழைய கணக்கு கிடைக்கும். நோட்டை மட்டும் எடுத்துப் போனால் எதுவுமே கிடைக்காது. ஐந்து ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால் ஐந்து நோட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஆகவே ஸ்னாப்ஷாட் காப்புப் பிரதி ஆகாது. மூலக் கோப்பு போனால் அத்தனையும் சேர்ந்து போகும்.

வர்ச்சுவல்பாக்ஸில் மெய்நிகர் கணினியின் கோப்புறைக்குள் ஸ்னாப்ஷாட்ஸ் என்ற உள்கோப்புறையைப் பாருங்கள். நெளி அடைப்புக்குறிக்குள் நீண்ட பெயர்களோடு இருப்பவைதான் அந்த நோட்டுகள். இதே வகை மென்பொருளான விஎம்வேரில் பெயரின் கடைசியில் 000001 போன்ற எண் இருக்கும். விண்டோஸோடு வரும் ஹைப்பர்-வியில் ஏவிஎச்டிஎக்ஸ் என்று முடியும். இவற்றை ஏதோ தற்காலிகக் கோப்புகள் என்று நினைத்து இடம் மிச்சப்படுத்த அழித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதைவிடக் கொடுமை, நிலைமை தெரியாமல் மூல வட்டைத் தனியாக இயக்கிப் பார்ப்பது. விண்டோஸ் ஒருமுறை திறந்தாலே வட்டில் பல இடங்களில் எழுதிவிடும். வித்தியாசக் கோப்பு பிறகு கிடைத்தாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அப்படிப்பட்ட நேரத்தில் விஎம்வேர், தாய் வட்டு மாற்றப்பட்டிருக்கிறது என்று சொல்லித் திறக்க மறுக்கும். அது நம் நல்லதற்குத்தான் மறுக்கிறது.

ஆகவே கிளம்புவதற்கு முன், கோப்புறை முழுவதையும் அப்படியே ஒரு நகல் எடுங்கள். பிறகு மென்பொருளின் உள்ளேயிருந்தே ஸ்னாப்ஷாட்களை நீக்குங்கள். நீக்கு என்ற பொத்தானைக் கண்டு பயந்து பலர் பின்வாங்குகிறார்கள். அங்கே நீக்குவது திரும்பிப் போகும் புள்ளியை மட்டும்தான். இன்றைய நிலை மூலத்தோடு இணைக்கப்படும். வட்டில் தாராளமாக இடம் வேண்டும், நேரமும் எடுக்கும். இணைப்பு நடக்கும்போது பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

நகல் எடுக்கும் முன் மெய்நிகர் கணினியை முறையாக அணையுங்கள். நிலையைச் சேமித்து இடைநிறுத்திய கணினி, வேறு செயலி உள்ள இடத்தில் விட்ட இடத்திலிருந்து எழும் என்று எதிர்பார்க்காதீர்கள். உள்ளே விண்டோஸ் இருந்தால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அணைக்க வேண்டும். இல்லையென்றால் வேகத் தொடக்க வசதியால் அது பாதி உறக்க நிலையிலேயே இருக்கும். எடுத்துப்போகும் வட்டின் கோப்பு முறைமை ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். நகலெடுத்தபின் இரு பக்கமும் எஸ்எச்ஏ-256 மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணை, கணக்கிட்டு ஒப்பிடுங்கள். கோப்பின் அளவு ஒன்றாக இருப்பது போதாது.

அமைப்புகள் பக்கத்தை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துவையுங்கள். கணினியைத் தொடங்கிவைக்கும் ஃபர்ம்வேர் பயாஸா யுஇஎஃப்ஐயா, வட்டு சாட்டா இணைப்பில் இருந்ததா ஐடிஇ இணைப்பிலா என்பது தெரியாமல் புதிதாக ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி வட்டைச் செருகினால், ஒன்று எதுவும் தொடங்காது, அல்லது 0x7B என்ற பிழையோடு நீலத்திரை வரும். உடனே விண்டோஸை மறுபடி நிறுவ ஓடாதீர்கள். முதலில் அமைப்பைப் பழையபடி வையுங்கள். லினக்ஸின் மெய்நிகர் கணினி வசதியான கேவிஎம்முக்குப் போகிறவர்கள், அங்கே வட்டு, வலையமைப்புக்கு உதவும் விர்ட்ஐஓ டிரைவர்களைப் பழைய இடத்திலேயே, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுவிவிடுவது நல்லது.

உள்ளே வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் குறியாக்கம் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை வெளியே எழுதிவையுங்கள். அன்றாடம் வட்டைத் திறக்கும் சாவியைப் பெரும்பாலும் மெய்நிகர் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லுதான் காக்கிறது. புது இடத்தில் புது டிபிஎம் உருவானால் பழைய சாவி அதற்குத் தெரியாது. ஹைப்பர்-வியில் டிபிஎம் இயக்கியிருந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கணினியைத் திறக்கும் சான்றிதழ்கள் ஹோஸ்ட் விண்டோஸில், அதாவது வெளியே உள்ள உண்மைக் கணினியின் விண்டோஸில், தனியாக இருக்கின்றன. அவற்றை ஏற்றுமதி செய்யாமல் ஹோஸ்டை அழித்தால், கோப்புகள் அத்தனையும் கையில் இருந்தும் மெய்நிகர் கணினி தொடங்காது.

எம்1 முதலான சில்லுகள் உள்ள ஆப்பிள் மேக் கணினிக்குப் போகிறவர்கள் இந்த வேலையைத் தொடங்கும் முன்பே கேளுங்கள். அது ஆர்ம் என்ற வேறு வகைச் செயலி. இன்டெல், ஏஎம்டி கணினிக்காக நிறுவிய விண்டோஸ் அதில் எமுலேஷன் வழியாக, அதாவது பழைய செயலியைப் போல மென்பொருள் நடிப்பதன் வழியாக, மட்டுமே ஓடும். அன்றாட வேலைக்கு அந்த வேகம் போதாது.

புது இடத்தில் விஎம்வேர், நகர்த்தினீர்களா நகலெடுத்தீர்களா என்று கேட்டால் நகர்த்தினேன் என்று சொல்லுங்கள். நகலெடுத்தேன் என்றால் மேக் முகவரி எனப்படும் வலையமைப்பு அட்டையின் அடையாள எண் மாறும், அதை நம்பியிருக்கும் மென்பொருள் உரிமங்கள் முரண்டு பிடிக்கும். பழையதையும் புதியதையும் ஒரே வலையமைப்பில் ஒரே நேரத்தில் இயக்கவும் வேண்டாம்.

உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். புது ஹோஸ்டில் மெய்நிகர் கணினி திறந்து, நேற்றைய பதிவு உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை பழைய வட்டைத் தொடாதீர்கள். முடிந்தால் லினக்ஸை வேறொரு வட்டில் நிறுவுங்கள். எஸ்எஸ்டியில் லினக்ஸ் நிறுவும்போது, அங்கிருந்த பழைய தரவு இனித் தேவையில்லை என்று வட்டுக்குச் சொல்லும் டிரிம் கட்டளை பெரும்பாலும் அப்போதே போய்விடுகிறது. அதன்பின் எந்த மீட்பு மென்பொருளாலும் அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது. போன வாரம் வந்தவரை அப்படித்தான் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் மெய்நிகர் கணினியை இன்னொரு முறை இயக்காதீர்கள். கணினியை அணைத்து, பழைய வட்டைக் கழற்றி, அதையும் நகலெடுத்த வட்டையும் அப்படியே தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். இடையில் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.