அதே 60 கிலோ, முதலில் கனம், பிறகு லேசு

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விசித்திரம் இது. வந்தவுடன் பாரில் 60 கிலோ மாட்டி ஸ்குவாட் (பாரைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவது) போட்டால் முட்டி முனகும், முதுகு விறைக்கும், 'இன்றைக்கு நாள் சரியில்லை' என்று தோன்றும். படிப்படியாக 90 வரை ஏறிவிட்டுக் கடைசியில் அதே 60-க்கு இறங்கினால், பின்னால் யாரோ தாங்கிப் பிடிப்பதுபோல எழும்பும். அரை மணி நேரத்தில் தசை என்ன வளர்ந்தா விட்டது? உள்ளே இருந்த பலம் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது.

முதல் காரணம் சூடு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது கைகால் தசைகள் உடலின் உட்பகுதியைவிடச் சில டிகிரி குளிர்ந்தே இருக்கும். தசை சுருங்குவது வேதிவினை. சூடு ஏறினால் வேகம் கூடும், நரம்புச் செய்தியும் விரைந்து ஓடும். ஒரு டிகிரி ஏறினாலே வெடுக்கென்று விசை காட்டும் திறன் சில சதவீதம் உயர்கிறது. மூட்டுக்குள் முட்டை வெள்ளைக்கருபோல் கொழகொழவென்று இருக்கும் திரவமும், அசைய அசைய இளகி வழுக்கத் தொடங்கும்.

சரி, பத்து நிமிடம் சைக்கிள் மிதித்து வியர்த்தால் போதுமா? போதாது. தசை இழைகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நரம்பணு மேஸ்திரி. வேலை வந்தால் சின்ன மேஸ்திரிகள் முதலில் எழுவார்கள். பெரிய கூட்டத்தை வைத்திருப்பவர்கள் சுமை ஏறினால்தான் அசைவார்கள். பூனைகளின் தண்டுவடத்தை ஆராய்ந்து 1960-களில் இந்த வரிசையைக் காட்டியவர் நரம்பியல் ஆய்வாளர் எல்வுட் ஹென்னமன். சைக்கிள் சின்னவர்களோடு முடிந்துவிடும். பெரியவர்களை எழுப்ப இரும்புதான் வேண்டும்.

அதனால்தான் 100 கிலோ தூக்க வந்தவர் வெறும் 20 கிலோ பாரோடு பத்து ரெப் (ஒரு முறை தூக்கி இறக்கினால் ஒரு ரெப்) போடுகிறார். அப்புறம் 50-இல் ஐந்து, 70-இல் மூன்று, 85-இல் இரண்டு, 93-இல் ஒன்றே ஒன்று. எடை ஏற ஏற ரெப் குறைவதைக் கவனியுங்கள். எழுப்ப வேண்டும், களைப்பாக்கிவிடக் கூடாது. கனமான அந்த ஒற்றை ரெப்புக்கு இன்னொரு பலனும் உண்டு. தசையை இழுக்கும் மயோசின் புரதத்தில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ள, அடுத்த சில நிமிடங்களுக்கு, 'சுருங்கு' என்று தசைக்குள் சொல்லும் அதே கால்சியம் செய்திக்கு அது கூடுதலாக ஆடும். உடனே தூக்கினால் களைப்பு அந்த லாபத்தைத் தின்றுவிடும். இரண்டு மூன்று நிமிடம் உட்காருங்கள்.

ஸ்ட்ரெச்சிங்? ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் விசை சற்றுக் குறையும். அதைப் பயிற்சிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். காலையில் எழுந்த கையோடு டெட்லிஃப்ட் (குனிந்து, தரையிலிருக்கும் பாரைப் பிடித்து நிமிர்வது) வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரவெல்லாம் படுத்திருந்ததில் முதுகெலும்புத் தட்டுகள் நீர் குடித்து உப்பியிருக்கும் (காலையில் நாம் ஒரு சதவீதம்போல உயரம்கூடக் கூடியிருப்போம்). அப்போது குனிந்தால் அவற்றின்மேல் அழுத்தம் அதிகம்.

இனி மனசு. எனக்கு இதுதான் சுவாரசியமான பகுதி, ஏனென்றால் மூளை நம் பலத்துக்குக் கடிவாளம் போட்டே வைத்திருக்கிறது. மிச்சியோ இக்காய், ஆர்தர் ஸ்டைன்ஹவுஸ் இருவரும் 1961-இல் வெளியிட்ட சோதனையில், முழங்கையை மடக்கி இழுத்தவர்கள் அந்த நொடியில் கத்தியபோது விசை ஏறத்தாழ 12 சதவீதம் கூடியது. தசை அதேதான், கடிவாளம் மட்டும் கொஞ்சம் நெகிழ்ந்தது. 1992-இல் இன்னொரு சோதனை: சுண்டுவிரலை விரிப்பதாகச் சில வாரங்கள் கற்பனை மட்டும் செய்தவர்களுக்கு விரல் விசை 22 சதவீதம் ஏறியது. நிஜமாகவே பயிற்சி செய்தவர்களுக்கு 30.

அதற்காக எல்லாரும் கர்ஜிக்க வேண்டியதில்லை. டெட்லிஃப்டுக்கு வெறி உதவலாம். தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்குமேல் போகும் ஸ்னாட்சில் அதே வெறி பாரை ஒரு விரற்கடை முன்னால் தள்ளினாலும் தீர்ந்தது. ஒலிம்பிக் மேடையில் பெயர் அழைத்ததும் பெரும்பாலும் 60 விநாடிதான் தருவார்கள். அனுபவசாலி அதில் புதிதாக எதையும் யோசிப்பதில்லை. சுண்ணப்பொடி, அதே எண்ணிக்கையில் அடிகள், பாரில் கைக்கு அதே இடம். வரிசை பழகிவிட்டதால் பதற்றம் புகச் சந்து கிடைப்பதில்லை.

கடைசியில் தம் கட்டுவது. வயிறு நிறைய மூச்சிழுத்துப் பிடித்தால் உள்ளழுத்தம் ஏறி, முதுகெலும்புக்கு முன்பக்கத்திலிருந்து முட்டு கிடைக்கிறது. இடுப்பு பெல்ட்டும் வயிறு தள்ளுவதற்கு ஒரு சுவர்தான். ஆனால் அந்தச் சில நொடிகள் ரத்த அழுத்தம் எகிறும். தமனிக்குள்ளேயே குழாய் செருகி அளந்தபோது, கனமான லெக் பிரெஸ்ஸில் (காலால் எடையைத் தள்ளும் பயிற்சி) மேல் அளவு 300-ஐத் தாண்டியிருக்கிறது. ரத்த அழுத்தக்காரர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே பாரைத் தொடவேண்டும். மற்றவர்கள், பார் கிளம்பும்முன் மூச்சைப் பிடித்து, கடினமான இடத்தைத் தாண்டியதும் விட்டுவிடலாம்.